எச்.எம். வீட்டு மீன் தொட்டி

எண்பத்தெட்டு ஜூன். பிளஸ் ஒன் அட்மிஷனுக்குக் கடைசி நாள். கள்ளக்குறிச்சிப் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய ஹெட்மாஸ்டர் தமிழரசன், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்.

வாசலில் அம்பாசடர் கார் வந்து நின்றது. வடக்கனந்தல் வீரமுத்து இறங்கினார். கண்ணுக்கெட்டிய தூரம் அவர் கரும்புதான். அவர் பேச்சுக்கு ஊரில் மறுபேச்சு கிடையாது.

"இன்னா சார், பள்ளிக்கூடத்த வுட்டுட்டு மீன் புடிச்சிக்கினு இருக்கீங்க?"

"வீடு மாத்துறேங்க. ஏமப்பேர்ல புது வீடு. சாமானெல்லாம் போயிடுச்சு, இந்தத் தொட்டிதான் பாக்கி. கடல் மீனுங்க."

கடலூரிலிருந்து கேன் கேனாகக் கடல் தண்ணீர் கொண்டுவந்து வளர்க்கிறார். ஊரே இதைச் சொல்லிச் சிரிக்கும்.

"அது கெடக்கட்டும். சயின்ஸ் குரூப்புல ஒரே ஒரு சீட்டுதான் மிச்சமாமே. எம் பையன் சுபாஷுக்கு வேணும். மலையிலேர்ந்து ஒரு பொண்ணும் அதுக்குத்தான் வருதாம். வெள்ளிமலை பஸ்ஸு வர்றதுக்குள்ள முடிச்சிடணும் சார்."

"செல்லன் மக வளர்மதி. மலையில அதுக்கு சயின்ஸ் படிக்க வழியில்ல. இது போனா படிப்பே அவ்வளவுதான். உங்க பையன் விழுப்புரம் ஹாஸ்டல்லகூடப் படிக்கலாமே?"

"எம் புள்ள எதுக்கு சார் ஊர வுட்டு ஊரு போவணும்?"

"சரி. ரெண்டு பேருக்கும் ஒரே மார்க்கு. முதல்ல யாரு மனு குடுக்குறாங்களோ அவங்களுக்குத்தான். செந்தமிழ்ச்செல்வி டீச்சர் வாங்கிக்கினு இருக்காங்க. நேரா போய்க் குடுத்துடுங்களேன்."

"நானா? வரிசையில போயி நிக்கவா?" வீரமுத்துவுக்குச் சுருக்கென்றது. "போன வருஷம் எட ஒதுக்கீட்டுக்காக ரோட்டுல மரத்த வெட்டிப் போட்டு ஜெயிலுக்குப் போனவன் சார் நான். நீங்க கூட வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

"வர்றேங்க. ஆனா இதுங்கள இப்படியே விட்டா செத்துடும்."

வீரமுத்து வாட்ச்சைப் பார்த்தார். "அப்ப என் கார்ல ஏத்துங்க. சீக்கிரம் முடியும்."

பின்சீட்டில் வீரமுத்து. மடியில் மீன் வாளி, கையில் டம்ளர்.

"இன்னா சார் செய்யணும் இத வச்சிக்கினு?"

"டீ ஆத்துற மாதிரி மொண்டு மொண்டு ஊத்திக்கினே இருங்க. தண்ணியில காத்து கலக்கணும். நிறுத்திடாதீங்க."

ஊரையே ஆட்டி வைக்கிற மனுஷன், வெள்ளை வேட்டி நனைய நனைய உப்புத் தண்ணீரை ஆற்றிக்கொண்டு போனார். கண்கொள்ளாக் காட்சி!

புது வீட்டில் கல்லை அடுக்கி, தண்ணீர் ஊற்றி, மணல் அடங்கும்வரை காத்திருந்து, ஒவ்வொரு மீனாக விட்டார் தமிழரசன்.

"இன்னா சார், இந்தக் கல்லு அசையுது?"

"கல்லு இல்லீங்க, பவளம். உசுரு இருக்கு."

"இந்தப் பூவு?"

"அதுவும் பிராணிதான். கிட்ட வர்ற மீனைப் புடிச்சுத் தின்னுடும். அந்த ஆரஞ்சு மீனை மட்டும் ஒண்ணும் செய்யாது."

"அட!" வீரமுத்து வந்த காரியத்தை மறந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டார்.

வாசலில் சைக்கிள் மணி. செந்தமிழ்ச்செல்வி டீச்சர் மூச்சு வாங்க உள்ளே வந்தார்.

"சார், மலை பஸ் லேட்டுதான். இருந்தாலும் வந்துடுச்சு. வளர்மதிய சேர்த்தாச்சு. சேர்த்ததும் வந்து சொல்லச் சொன்னீங்களே."

வீரமுத்து நிமிர்ந்தார். நனைந்த வேட்டியைப் பார்த்தார், தமிழரசனைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"அப்ப, வேணும்னேதான் என்ன இங்க உக்கார வச்சீங்களா?"

தமிழரசன் வாளியில் மிச்சமிருந்த பெரிய நீல மீனைத் தொட்டிக்குள் விட்டார். அது ஒவ்வொரு பொந்தாக முட்டிப் பார்த்தது. எல்லாவற்றிலும் சின்ன மீன்கள் குடியேறியிருந்தன. சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, கல்லுக்கு மேலே தன்பாட்டுக்கு நீந்த ஆரம்பித்தது.

"இதை முதல்ல விட்டிருந்தா எல்லாப் பொந்தும் தன்னுதுன்னு சின்னதுங்களக் கடிச்சே கொன்னிருக்கும். அதுங்களுக்கு ஒரு எடம் கெடைச்ச பிறகுதாங்க இதை விடணும். இதுக்கென்ன ஐயா, எந்தத் தொட்டியில விட்டாலும் பொழைச்சுக்கும்!"