சுகிர்தபாயின் இரண்டாவது சீட்டு

“கடைசி லெவலும் முடிஞ்சாச்சு. இனி புதுசா ஒண்ணும் கெடையாது. தெனமும் அதே குகை, அதே பூதம். சலிச்சு மடுத்துப் போச்சு,” என்றான் ஜிஜின், கேமிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“மடுத்தா விட வேண்டியதுதானே மக்கா,” என்றாள் அம்மா சுகிர்தபாய்.

“எப்படி விட? காயத்த ஆத்துத ஹீலரு ரெண்டு மாசம் முன்ன சொல்லாம ஓடிட்டான். நானும் போனா டீமே இல்ல.”

கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது. இந்த வாரம் மட்டும் தனுவச்சபுரம் காலேஜ் பஸ்ஸை மூன்று நாள் தவறவிட்டிருந்தான். பொறுக்கமாட்டாமல், ஞாயிறு ஆராதனையில் வாசிக்கிற ஜெபச் சீட்டில், “மகன் ஜிஜின் கேமை விட ஜெபிக்கவும்” என்று எழுதிப் போட்டாள்.

செவ்வாயன்று போதகரே வீட்டுக்கு வந்தார். “நான் தனியா பேசட்டு,” என்று ஜிஜினின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சுகிர்தபாய் சாயாவோடு போனபோது உள்ளே பேச்சு கேட்டது.

“எலே, இது நம்ம டீமாக்குமே. அந்த ஹீலரு இனி வரமாட்டான்.”

“ஒங்களுக்கு எப்படித் தெரியும் ஐயா?”

“அது நானாக்கும். நாப்பது தடவ அதே பூதத்த அடிச்சு எனக்கும் மடுத்துப் போச்சு. வேற ஒரு கேம் உண்டு. வாரம் ஒரு புதுக் குகை. நீ அங்க வா.”

சாயாவை அடுக்களைக்கே திருப்பிக் கொண்டுபோனாள் சுகிர்தபாய். இன்னொரு சீட்டை எடுத்து, “எங்கள் போதகர் கேமை விட ஜெபிக்கவும்” என்று அழுத்தி எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை அதைச் சபைக்கு முன் வாசிக்க வேண்டியவர் அவர்தான்.