உறுமலுக்குப் பின் வந்த குழல்

ஸ்டூடியோ டேப் ஒன்றில் ஒரு முரசும் ஒரு புல்லாங்குழலும் குடியிருந்தன. எந்த ராட்சத மிருகப் படம் எடுத்தாலும் பின்னணிக்கு அந்த டேப்பைத்தான் ஓட்டுவார்கள். முதலில் முரசு அதிரும். குழல் வாய் திறப்பதற்குள் மிருகம் வந்து உறுமிவிடும். பல்லியோ சிலந்தியோ, அந்தப் படங்களில் எல்லாமே உறுமும். இசையை அங்கேயே வெட்டிவிடுவார்கள்.

"எத்தனை படம் ஓடி என்ன, என் குரலை ஒருத்தரும் கேட்டதில்லையே அண்ணே," என்றது குழல்.

"பொறு தங்கச்சி."

பல வருடம் கழித்து அந்த இசையை மட்டும் இசைத்தட்டாக வெளியிட்டார்கள். முரசு அடித்து ஓய்ந்தது. குழல் பழக்கதோஷத்தில் ஒதுங்கி நின்றது.

"என்னண்ணே, பல்லியைக் காணோம்?"

"இங்கே படமே இல்லை. நீ பாடு."

வீட்டில் அந்த இசைத்தட்டைக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவர், முடிந்துவிட்டதென்று தட்டின் மேலிருந்த முள்ளை எடுக்க எழுந்தார்; குழல் ஒலித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.