நிபுணரின் ஜன்னல்

"கீதா, அந்த ஜன்னலைச் சாத்து. மீட்டிங் நடந்துகினு இருக்கு."

கீதா சாத்தினாள். ஆரணியில் தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்த அவள் கணவர் சந்திரமோகனுக்கு இப்போது அந்தச் சத்தம்கூட ஆகவில்லை. தெருவில் கூவும் கன்னியம்மாவின் குரலா ஆகும்? முக்கிய உலோகங்களை எங்கே தேடுவது என்று ஐரோப்பாவுக்கு ஆலோசனை சொல்லும் நிபுணர் குழுவில் அவரும் ஒருவர். மூன்று மாதமாகக் கால் தரையில் பாவவில்லை.

லேப்டாப்பில் குழுத் தலைவி ஆங்கிலத்தில் கேட்டாள்: "பழைய செல்போன்களில் இருக்கும் உலோகம் நமக்கு வேண்டும். ஜனங்களோ அவற்றை டிராயரில் போட்டு வைக்கிறார்கள். வீடு வீடாகப் போய் எப்படி வாங்குவது?"

"உலகத்தில் எங்கேயும் அதற்கு வழி கிடையாது" என்றார் சந்திரமோகன். "இரண்டு வருடம் ஆராய வேண்டும்."

திரையில் பதினேழு தலைகள் பலமாக ஆடின.

சாத்திய ஜன்னலையும் மீறிக் குரல் வந்தது. "அங்கே யார் கூவுவது?" என்றாள் தலைவி.

"காய்கறி விற்கிறவள். படிக்காத ஜனம், மன்னியுங்கள்."

கீதா சத்தமில்லாமல் அவருடைய மேஜை டிராயரைத் திறந்தாள். வருஷக்கணக்காய் அங்கே கிடந்ததை எல்லாம் முந்தானையில் அள்ளிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

கன்னியம்மாவிடம் காய்கறி எதுவும் இல்லை. ஒரு கையில் பிளாஸ்டிக் குடங்கள். தோளில் கனத்த மூட்டை.

"மூணு பழைய செல்போனுக்கு ரெண்டு குடம் வரும்க்கா" என்றாள். "இந்தத் தெருவுல உங்க வூடு ஒண்ணுதான் குடுக்காம இருந்திச்சு."