மழையில் முதல் இறக்கம்

"முன்னால போற வண்டியோட சக்கரத் தடத்துலயே போ. அங்கதான் தண்ணி கம்மி," என்றார் பக்கத்து இருக்கையில் இருந்த என் கணவர்.

முன்னால் வண்டியே இல்லை. அது அவருக்குத் தெரியாது. சர்க்கரை நோய் அவர் பார்வையைத் தின்று இரண்டு வருடமாகிறது.

முப்பது வருடம் இதே ஆம்போலி மலைச்சாலையில் அரசுப் பேருந்து ஓட்டிய மனிதர். இப்போது வாரம் மூன்று நாள் கீழே சாவந்த்வாடியில் டயாலிசிஸ். ஏப்ரலில்தான் நான் லைசென்ஸ் வாங்கினேன், ஐம்பத்துமூன்று வயதில்.

மழையில் இறங்குவது இதுதான் முதல் தடவை.

என்னால் முடியாவிட்டால் மழைக்காலம் தீரும்வரை அவர் கீழே கொழுந்தன் வீட்டில், நான் மேலே மாடுகளோடு. அப்படித்தான் பேசி முடிவாகியிருந்தது.

அருவி வளைவில் நனைந்து ஆட்டம் போட்ட பையன்களில் ஒருவன் எங்கள் வண்டி ஊர்வதைப் பார்த்துக் கத்தினான்: "ஆன்ட்டி, நடந்தே போயிடலாமே!"

"அவன் கிடக்கறான், சுலபா. எந்த கியர்ல ஏறுவோமோ, அதே கியர்லதான் இறங்கணும். ரெண்டாவதுலயே போ."

அடுத்த வளைவில் சக்கரம் ஒரு சாண் வழுக்கியது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. வண்டியை ஓரம் கட்டிவிட்டேன்.

"என்னால ஆகாதுங்க."

திட்டுவார் என்று நினைத்தேன். "உன் இஷ்டம். எனக்குத் தூக்கம் வருது," என்று இருக்கையைச் சாய்த்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் குறட்டை.

வேறு யார் ஓட்டினாலும் கண் அசராத மனிதர் இவர். மகள் கல்யாணத்துக்குக் கோலாப்பூர் போனபோதுகூட விடிய விடிய டிரைவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அவன் உயிரை வாங்கினார். இன்று என்னை நம்பித் தூங்குகிறார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

ஒரு வளைவு. இன்னொன்று. மூன்றாவதில் மூடுபனிக்குள் ஹாரன் சத்தம். இடப்பக்கம் ஒதுங்கி, பிரேக்கை அழுத்தாமல் தொட்டுத் தொட்டு விட்டேன். பேருந்து உரசாமல் கடந்து போனது.

பெருமையோடு அவரைத் திரும்பிப் பார்த்தேன். கண்கள் மூடியிருந்தன. குறட்டை சீராக வந்துகொண்டிருந்தது.

வலது கால் மட்டும், இல்லாத பிரேக்கைத் தேடி, வண்டித் தரையைப் பலம்கொண்ட மட்டும் அழுத்திக்கொண்டிருந்தது.

"நல்லாத் தூங்குங்க," என்றேன். "சாயங்காலம் நம்ம வீட்டுக்குத்தான் போறோம்."

குறட்டை இன்னும் கொஞ்சம் பலமாக வந்தது.