நடுவில் போட்ட வரப்பு

"ஒரு நிமிஷம் போதும்ணே! ஒரே ஒரு நிமிஷம்! உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

கரண்ட் ஆபீஸ் லைன்மேன் நல்லக்கண்ணுவிடம் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தான் கிளமென்ட். கும்பகோணத்தில் அந்த மாடி ஆபீசுக்கு நெட்வொர்க் வேலை பார்ப்பவன் அவன்தான். சட்டை முதுகோடு ஒட்டிப் போயிருந்தது.

"இன்னிக்கு என் கையில ஒண்ணுமில்ல தம்பி. மந்திரி வந்திருக்காரு. அவரு வண்டி ஊரைத் தாண்டுற வரைக்கும் யாரும் எதையும் தொடக் கூடாதுன்னு ஆர்டர்." நல்லக்கண்ணு போனை வைத்துவிட்டார்.

"என்னவாம்?" என்றாள் சூப்பர்வைசர் நிலோஃபர், ஃபேன் காற்றில் பறக்கப் பார்த்த தாள்களை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு.

"முடியாதாம்க்கா. மந்திரியாம்."

"யா அல்லாஹ்! அந்த மனுசனுக்கு வர்றதுக்கு வேற நாளே கிடைக்கலியா?"

அமெரிக்க ஆஸ்பத்திரி ஒன்றின் டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் காதில் கேட்டு, டைப் அடித்துத் திருப்பி அனுப்புகிற ஆபீஸ் அது. பன்னிரண்டு பெண்களுக்கு அதுதான் சோறு. ஏற்கெனவே இரண்டு தடவை தாமதம். இன்றைய அறிக்கைகள் ஐந்து மணிக்குள் வந்து சேரவில்லை என்றால் வேலையை வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவோம் என்று அந்த ஆஸ்பத்திரி நேற்றே கறாராக எழுதிவிட்டது.

டைப் அடித்து முடித்தாகிவிட்டது. அனுப்பத்தான் வழியில்லை. மணி நாலரை.

வினையை இழுத்து வைத்தவன் சாட்சாத் கிளமென்ட்தான். கீழே இருக்கும் பிரௌசிங் சென்டருக்கும் மாடி ஆபீசுக்கும் ஒரே நெட்வொர்க் சுவிட்ச்; எல்லாக் கம்ப்யூட்டர் ஒயர்களும் வந்து சேருகிற பெட்டி. கண்டவர்களும் சினிமாப் பாட்டு இறக்குகிற வழியில் நோயாளிகளின் விவரம் போகக் கூடாது, இன்றைக்குள் பிரித்து வை என்பதும் அமெரிக்காவின் உத்தரவு.

புதுப் பெட்டி வாங்கத் தேவையில்லை. ஒரு வயலுக்கு நடுவில் வரப்பு போடுவதுபோல, இருக்கிற சுவிட்சையே இரண்டு தனித்தனி சுவிட்சாக நடந்துகொள்ளும்படி கம்ப்யூட்டரிலிருந்தே கட்டளை கொடுத்துவிடலாம். கிளமென்ட் மூன்றரை மணிக்குக் கொடுத்தான். அவசரத்தில், ஒயர் செருகுகிற துளையின் எண்ணை மாற்றிக் கொடுத்தான்.

வெளியே போகிற இன்டர்நெட் லைன் இந்தப் பக்கமும் சேராமல் அந்தப் பக்கமும் சேராமல் அநாதையாக நின்றுவிட்டது. திருத்தலாம் என்றால், அவன் கம்ப்யூட்டரோடும் சுவிட்ச் பேச்சை நிறுத்திக்கொண்டது. நல்ல வேலைக்காரன் போங்கள்!

நேரே போய்ச் சுவிட்சைத் தொடவும் முடியாது. அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் பேங்க். சுவிட்ச், செத்துப்போன யுபிஎஸ், மீட்டர், ஃபியூஸ் எல்லாமே பழைய லாக்கர் அறைக்குள், இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம். சாவி முதலாளி பக்கீர் முகம்மதுவின் பச்சை பெல்ட்டில். பெல்ட் கொழும்பு போகிற விமானத்தில்.

"பென் டிரைவ்ல எடுத்துக்கிட்டு வேற சென்டருக்கு ஓடலாமா கிளமென்ட்?"

"நம்ம லைன்லேருந்து போனாத்தான்க்கா அவங்க வாங்குவாங்க. மத்ததெல்லாம் வாசல்லயே திரும்பிடும்."

நிலோஃபர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். "இந்த வேலையை நம்பித்தானே எங்க வீட்டுக்காரரைத் திரும்ப தம்மாமுக்குப் போக விடாம புடிச்சு வச்சிருக்கேன். பாஸ்போர்ட்டை வாங்கி பீரோவுல பூட்டினதே நான்தான். இப்ப அவரு மூஞ்சியில எப்படிப்பா முழிப்பேன்?"

அவள் குரல் உடைந்ததும் மற்றப் பெண்களும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கிளமென்ட்டுக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

"நாலே முக்கால் ஆயிடுச்சு, இன்னும் ஒரு வழியையும் காணோமேப்பா!" என்றாள் நிலோஃபர்.

"வேளாங்கண்ணி மாதாவே, நீதான் காப்பாத்தணும்" என்று முனகியபடி மறுபடியும் நல்லக்கண்ணுவின் நம்பரை அழுத்தினான். ஏழாவது ரிங்கில் எடுத்தார்.

"அண்ணே, உங்க காலைத் தொட்டுக் கேக்குறேண்ணே. பன்னெண்டு குடும்பம்ணே…"

"விட மாட்டியாய்யா நீ? அழுவாம விவரத்தைச் சொல்லித் தொலை."

"சுவிட்சுல நான் போட்டது தப்புண்ணே. ஆனா அதை இன்னும் சேவ் பண்ணலை. அந்தப் பெட்டி ஒரு தடவை அணைஞ்சு எரிஞ்சா, காலையில இருந்த மாதிரியே ஆயிடும். எப்படியும் நாலு மணிக்கு நீங்க இருக்கீங்கன்னு தைரியத்துலதான் அதுல கையே வச்சேன்."

"நானா? நாலு மணிக்கு நான் என்னய்யா பண்றேன்?"

"தினமும் கரண்டைப் பிடுங்குவீங்களேண்ணே… இன்னிக்கும் பிடுங்குங்கண்ணே!"