பேய்க்கு வைத்த பெயர்

திரையில் பேய் வந்ததும் தகரக் கொட்டகை மொத்தமும் வாயடைத்துப் போனது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பேய் தன் பக்கத்தில் சம்மணமிட்டுப் பன்னிரண்டு இட்லி தின்றதைப் பார்த்தவள் அவள்.

மடியில் மகள் ஆவுடை. ஐந்து வயது. அம்மாவின் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

அடுத்த நாற்காலியில் கணவர். அந்தப் படத்துக்கு ஆர்மோனியம் வாசித்தவர்.

இனி அவள் வரவேண்டும். பேயைக் கண்டு அலறும் வேலைக்காரி. பேசும் படத்தில் அவளுக்குக் கிடைத்தது அந்த ஒரே ஓர் அலறல்தான்.

அதையும் சரியாகச் செய்யவில்லை. சென்னையில், ஒரு பங்களாத் தோட்டத்தில், காலை முழுக்க அலறினாள். பதினைந்து வருஷ நாடகத் தொண்டை. கடைசி வரிசைக்கும் கேட்கும். சத்தம் இருக்கிறது, பயம் எங்கே என்று டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு சாப்பாட்டுக்கு விட்டுவிட்டார்கள்.

போனால் போகிறதென்று அதில் ஒன்றைச் சேர்த்திருப்பார்கள். அப்படித்தான் நினைத்திருந்தாள்.

திரையில் மாமரம். அடியில் அவள். யாரோ வருவதைப் பார்த்து நிமிர்கிறாள்.

"ஆவுடையே!"

கொட்டகை கூடவே அலறியது. ஒருத்தி மயங்கிச் சாய்ந்தாள்.

"பேயி பேரு ஆவுடையாம்லா!" பின்னால் யாரோ சொன்னார்கள்.



இது காலையில் அலறியது இல்லை. சாப்பாட்டு நேரத்தில் அலறியது.

அன்றைக்கு மாமரத்தடியில் அவள் உட்கார்ந்திருந்தபோது கணவர் நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். ஊரில் குழந்தை கிணற்றில் விழுந்துவிட்டதாம், தந்தி வந்திருக்கிறதாம். அரை மணி கழித்து அவரே திரும்பி வந்தார். தந்தி வேறு யாருக்கோ வந்தது, ஆள் மாறிவிட்டது என்றார்.

அவர் காலில் விழுந்து அழுதாள்.

நேராகத் திருச்செந்தூர் போய் முடி இறக்கினாள். முழங்கால் வரை இருந்த முடி. பக்கத்தில் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு அவர் பார்த்துக்கொண்டுதான் நின்றார். இன்னும் விரற்கடைகூட வளரவில்லை.

காட்சி இன்னும் முடியவில்லை. திரையில் அவள் மண்ணில் புரண்டு அழுதாள்.

ஒரு காகம்கூடக் கத்தவில்லை.

படத்தில் சத்தம் பதிந்துவிடக் கூடாதென்று அந்தத் தோட்டத்தில் காகம் விரட்டவே நாலு ஆள் வைத்திருந்தார்கள். கவண் கல்லால் விரட்டி, மரமெல்லாம் அடங்கிய பிறகுதான் காமிராவைச் சுற்றுவார்கள். சாப்பாட்டு நேரத்தில் அந்த ஆட்களும் பந்தியில் இருப்பார்கள். எச்சில் இலையைச் சுற்றி நூறு காகம் கத்தும்.

அன்றைக்கு மட்டும் விரட்டியிருக்கிறார்கள். தந்தி வருவதற்கு முன்பே.

எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. இட்லி தின்ற பேய்க்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

பாவி. கண்ணில் தண்ணீர் வழிய அல்லவா ஓடிவந்தான்.

திரும்பிப் பார்த்தாள். அவன் திரையைப் பார்க்கவில்லை. பின்னால் திரும்பி, பயந்து கிடக்கும் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகமெல்லாம் பல்.



மடியில் குழந்தை அவள் கன்னத்தைப் பிடித்துத் திருப்பியது.

"எம்மா, ஏன் என்னையச் சொல்லி அழுத? எனக்கு என்ன ஆச்சு?"

"ஒங்கப்பாவக் கேளு" என்று குழந்தையைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள்.