இரண்டு பந்து, ஒரே சுழி

"அது உங்க பந்து, டீச்சர்."

"என் பந்து மணல் குழிக்குள்ள கிடக்கு. கண்ணாடியைத் துடைச்சிட்டுப் பாருங்க டாக்டர்."

கடலிலிருந்து வீசுகிற காற்றில் குரலை உயர்த்தினால்தான் கேட்கும். தேவைக்கு மேலேயே உயர்த்தினார்கள்.

ஒரு பந்து, அது போய் விழ வேண்டிய குழியின் கொடிக்கு நாலடி தள்ளிக் கிடந்தது. மற்றொன்று ஆளுயர மணல் குழியின் அடியில்.

நல்ல பந்துக்காக அடித்துக்கொள்வது உலக வழக்கம். இங்கே இரண்டு பேரும் அதை வேண்டாம் என்று தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"என் பந்து எந்தக் காலத்துல கொடிகிட்ட போயிருக்கு?"

"இன்னைக்குப் போயிருக்கு."

ஸ்காட்லாந்தின் அந்தக் கடற்கரை ஊரில் தமிழ் வீடுகள் மொத்தம் ஒன்பது. டாக்டர் தாணுலிங்கத்தின் மனைவி போய் ஆறு வருஷம். கோமளவல்லி டீச்சரின் கணவர் போய்ப் பத்து. நானூறு வருஷப் பழைய கோல்ஃப் மைதானத்தில் இருவரும் வாரம் இரண்டு நாள் சேர்ந்து ஆடுவார்கள். உடம்புக்கு நல்லதாம்.

மாசியில் டாக்டர் கல்யாணப் பேச்சை எடுத்தார். டீச்சர் நிபந்தனை போட்டார். கோடை முடிவதற்குள் ஒரே ஒரு ஆட்டம் தன்னை ஜெயித்தால் சம்மதம். இல்லாவிட்டால் லீட்ஸ் நகரத்தில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விடுவார்.

இது இரண்டு பேருக்குள் இருந்த ரகசியம். ஆகவே ஒன்பது வீட்டுக்கும் தெரியும்.

இன்று கோடையின் கடைசி ஆட்டம். பதினேழு குழி முடிந்து இருவரும் சமம். டீச்சரோடு எப்படிச் சமமானோம் என்று யோசிக்கிற ஆள் டாக்டர் இல்லை.

கடைசியான பதினெட்டாவது குழிக்கு மணல்மேட்டைத் தாண்டிக் குருட்டாம்போக்கில் அடிக்க வேண்டும். எது யாருடையது என்று அடையாளத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

அடையாளம் போட்டுத்தான் இருந்தார்கள். எப்போதும் வேறு வேறு கம்பெனிப் பந்து. இன்றைக்குத்தான் ஒரே பெட்டியைப் பிரித்துப் பாதி பாதியாக எடுத்துக்கொண்டார்கள். நல்ல காரியம் நடக்க வேண்டிய நாள் என்று டாக்டர் தன் பந்தில் பிள்ளையார் சுழி போட்டார்.

டீச்சரும் அதே நினைப்பில் அதையேதான் போட்டிருந்தார்.

மைதானக் கண்காணிப்பாளர் வந்தார். செக்கச் சிவந்த கிழவர். மணல் குழிக்குள் இறங்கிப் பார்த்தார். கொடியருகே குனிந்து பார்த்தார். இதென்ன வளையம் என்று கேட்டார். டாக்டர் யானை முகத்தில் ஆரம்பித்து விளக்கினார். கிழவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னார். யாருடையது என்று தெரியாத பந்து தொலைந்த பந்து. இரண்டும் தொலைந்தவை. திரும்பிப் போய் மறுபடி அடியுங்கள்.

மேடேறி நடந்தார்கள். அநியாயம், அந்த நல்ல பந்து உங்களுடையதுதான் என்று டாக்டர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

டீச்சர் பெருமூச்சு விட்டபடி முன்னால் நடந்தார்.

முதலில் டீச்சர் அடிக்க வேண்டும்.

இத்தனை வருஷத்தில் அவர் பந்து ஒரு தடவைகூட வலப்பக்கம் போனதில்லை. வலப்பக்கம் கடல்.

டீச்சர் காலை மாற்றி வைத்தார். தோளையும் கொஞ்சம் திருப்பிக்கொண்டார்.

பந்து அழகாக எழும்பிக் கடலுக்குள் போய் விழுந்தது.

"காத்து," என்றார் டீச்சர்.

டாக்டர் வாயைத் திறந்தார். காற்று எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் வீசுகிறது என்று விளக்கத்தான்.

டீச்சரின் முகத்தைப் பார்த்தார்.

ஆயுளில் முதல் தடவையாக, ஒன்றை விளக்காமல் விட்டார்.

தன் பந்தைக் குனிந்து வைத்தார். இரண்டு தடவை உருண்டு விழுந்தது. டீச்சர் காத்திருந்தார்.

செப்டம்பரில் டீச்சரின் மகள் லீட்ஸிலிருந்து வேன் எடுத்து வந்தாள். எதிர்வீட்டு ஜன்னலில் திரை விலகியது. அட்டைப் பெட்டிகள், இட்லிக் கொப்பரை, கிரைண்டர் எல்லாம் ஏறின. அம்மாவை முன்சீட்டில் உட்கார வைத்து, பெல்ட் போட்டுவிட்டு, கதவைச் சாத்தினாள்.

வேன் கிளம்பியது.

நாலு வீடு தள்ளி, டாக்டர் வீட்டு வாசலில் நின்றது.